ஏழாம் நாற்காலிக்காரன்

பூட்டுக்குச் சாவி செய்து தரும் கடை வைத்திருக்கிற சாவிக்காரருக்குத் தன் மனைவி மீது சந்தேகம் கிடையாது. அதைத் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாயிற்று. சந்தேகம் வேறு, வயிற்றெரிச்சல் வேறு. சந்தேகம் வந்தால் சண்டை போடலாம், நியாயம் கேட்கலாம், ஊரைக் கூட்டலாம். வயிற்றெரிச்சலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாரிடம் காட்டினாலும் சிரிப்பார்கள்.

அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று மைக்கில் சொல்கிற குரல் அவளுடையது. போன மாதம் ஒரு அறிவிப்புக்கு நடுவே இரும ஆரம்பித்தாள். நிற்கவில்லை. படம் எடுத்ததில் வலது நுரையீரலில் ஒரு பொட்டு. ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். அதற்கான பதில் இன்றைக்கு வருகிறது.

மற்றவர்களுக்கு என்றால் 'இருக்கிறதா, இல்லையா' என்பதுதான் கேள்வி. அவளுக்கு அப்படியில்லை. ஆறு வருடத்துக்கு முன் மார்பில் வந்த புற்றுநோயை வெட்டி எறிந்து, மருந்து ஏற்றி, கதிர் வைத்து மீண்டவள். பொட்டு நல்ல பொட்டாக இருக்க வாய்ப்பில்லை என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். பழையது நுரையீரலுக்குப் போய்க் குடியேறியிருக்கிறதா, அல்லது சம்பந்தமே இல்லாமல் இன்னொன்று புதிதாக முளைத்திருக்கிறதா என்பதுதான் தெரிய வேண்டும்.

டாக்டர் அறைக்குள் நோயாளியோடு ஒருவர்தான் போகலாம். அந்த ஒருவர் யார் என்பதில்தான் நேற்று சாப்பாட்டு மேசையில் சாவிக்காரருக்கு அடி விழுந்தது.

"ஏழு வரேன்னு சொல்லியிருக்கான்," என்றாள் அவள், தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "அவன் கூடவே உள்ள போயிடறேன். நீங்க கடையப் பாருங்க."

"நான் எதுக்கு இருக்கேன்?"

"கோச்சுக்காதீங்க. போன தடவை டாக்டர் பேசினப்ப என்ன ஆச்சு? உங்க முகம் போன போக்கைப் பார்த்து, நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லிட்டிருந்தேன். டாக்டர் சொன்னதுல பாதி என் காதுல விழல. வியாதி எனக்கு, தண்ணி குடிக்கக் குடுத்தது உங்களுக்கு."

மகள் களுக்கென்று சிரித்தாள். கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிறவள். "அப்பா, எங்க டாக்டர்கிட்ட வர்ற பெரிய நாயெல்லாம் அப்படித்தான். ஊசி போட்டுக்கறது பூனை, மயங்கி விழறது பக்கத்துல நிக்கற நாய்."

"வாலு, சும்மா இரு," என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டே.

சாவிக்காரர் சிரிக்கவில்லை.

ஏழு என்பது ஒரு மனிதர். ஆறு வருடத்துக்கு முன், மருந்து ஏற்றும் கூடத்தில் வரிசையாகப் போட்டிருந்த சாய்வு நாற்காலிகளில் ஏழாவது அவருடையது, எட்டாவது இவளுடையது. அவருக்குப் பெருங்குடலில், இவளுக்கு மார்பில். அந்தக் கூடத்தில் யாரும் யார் பெயரையும் கேட்டுக்கொள்ளவில்லை, நம்பர்தான். மற்ற நம்பர்கள் எல்லாம் சிகிச்சை முடிந்து கலைந்துபோயின. இந்த இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டன. ஒருவருக்கு ஸ்கேன் என்றால் மற்றவர் வெளியே காத்திருப்பார். முடிவு வந்தால் முதலில் மற்றவரிடம்தான் சொல்வது. அப்படி ஒரு ஏற்பாடு.

ஏழு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். ஒண்டிக்கட்டை. "பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு பயப்படாம இருக்கறது அவனுக்குத் தொழிலு," என்று அவள் அடிக்கடி சொல்வாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சாவிக்காரருக்கு யாரோ அரத்தை எடுத்து நெஞ்சுக்குள் ராவுவது போல இருக்கும்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரை அவள் 'என்னங்க' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை கூப்பிட்டதில்லை. அந்த ஆளை மட்டும் 'வாடா, போடா.' அவனும் 'ஏய் எட்டு' என்கிறான். தொலைபேசியில் இரண்டு பேரும் தலைமுடி கொட்டியதைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். அந்த நாட்களில் அவளுக்காகத் தலையணை உறையைத் தினம் உதறியவர் சாவிக்காரர். அவருக்கு அதில் சிரிக்க ஒன்றும் அகப்பட்டதில்லை.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். ஆனால் இந்த இருமலைப் பற்றி ஏழுக்குத்தான் முதலில் தெரியும் என்பது போன வாரம் தெரிந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய செல்போன் அடித்தது. திரையில் '7'. வெறும் எண். அதற்குக்கூட ஒரு பெயர் தேவைப்படவில்லை பாருங்கள்.

எடுத்தார்.

"எட்டு?" என்றது குரல்.

"நான்தான்."

"ஓ, சார்! வணக்கம் சார். கிளம்பிட்டீங்களான்னு கேக்கத்தான். நான் நேரா ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துடறேன்னு சொல்லிடுங்க."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். சாவிக்காரர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

"நீங்க வர வேண்டாம்னு சொல்லச் சொன்னா. நானே கூட்டிட்டுப் போறேன்."



"அப்படியா சார்," என்றார் ஏழு. பிறகு, "நல்லது. ரொம்ப நல்லது சார்." வைத்துவிட்டார்.

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவான், 'அவகிட்டக் குடுங்க' என்பான் என்று எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற சாவிக்காரருக்கு, இவ்வளவு சுலபமாக முடிந்தது ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஒரு பொய் சொன்னால் இன்னொன்றும் சொல்லித்தானே ஆகவேண்டும். ஈரத் தலையோடு அவள் வெளியே வந்ததும் சொன்னார்: "உன் ஏழு போன் பண்ணாரு. வண்டி ரிப்பேராம். வர முடியாதாம்."

"வண்டி ரிப்பேரா?" என்றாள் மகள், ஷூ மாட்டிக்கொண்டே. "அவர் வண்டியிலதான் எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்குமே. ரெண்டு பிரேக், ரெண்டு கிளட்ச்."

அவள் தலையைத் துவட்டுவதை நிறுத்தினாள். "பஸ்ல வரலாமே," என்றாள் மெதுவாக. அப்புறம், "சரி, நீங்களே வாங்க."

'நீங்களே.' அந்த ஏகாரம் சாவிக்காரருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சட்டையை மாற்றிக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பு உள்ளே ஒரு மூலையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நாற்காலிகள் சுவரோடு சேர்த்துத் திருகப்பட்டிருந்தன. பெயர் கூப்பிடும் கதவுக்கு எதிரே இடம் பிடித்தார். அவள் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

"பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"நீங்க கேக்கற விதத்துலதான் பயமா இருக்கு."

"அவன் என்ன கேப்பான்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "எவன்?"

"ஏழு. உன் பக்கத்துல உக்காந்து என்ன பேசுவான்?"

"ஒண்ணும் பேச மாட்டான். எதிர்ல போறவங்க எல்லாரையும் பார்த்து, யாரு நல்லா கார் ஓட்டுவாங்கன்னு சொல்லிட்டிருப்பான். போன தடவை அந்த நர்ஸைப் பார்த்து, 'இந்தம்மாவுக்கு ரிவர்ஸே வராது, எட்டு'ன்னான்." சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "முகத்தை மட்டும் அப்படி வச்சுக்காதீங்க."

எப்படி வைத்திருக்கிறோம் என்று தெரியாமல் சாவிக்காரர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். எதிரே ஒரு தடித்த மனிதர் நடந்து போனார். 'இவர் நல்லா ஓட்டுவார்' என்று சொல்லிப் பார்க்கலாமா என்று தோன்றியது. வாய் வரவில்லை. அடுத்தவன் போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொள்வது போல இருந்தது.

உள்ளே டாக்டர் வளவள என்று பேசாத பெண்மணி. "சதையில புற்றுநோய் இருக்கும்மா," என்றார் எடுத்த எடுப்பில்.

அவ்வளவுதான். சாவிக்காரருக்கு அதற்குப் பிறகு காது அடைத்துக்கொண்டது. மேசை விளிம்பைப் பிடித்தார். அவள் கை அவர் கைமேல் வந்து விழுந்ததும், "தண்ணி வேணுமா?" என்று அவள் கேட்டதும் மட்டும் தெரிந்தது. அவள் சொன்னது அப்படியே நடந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஆனா இது பழசு இல்ல," என்றார் டாக்டர். "மார்புல இருந்து வந்ததுன்னா சதையோட ஜாடையே வேற மாதிரி இருக்கும். இது நுரையீரல்லயே தனியா ஆரம்பிச்சது. ரெண்டாவது புற்றுநோய்."

"ரெண்டாவது..." என்றாள் அவள்.

"அன்னைக்கு வச்ச கதிரும் ஒரு காரணமா இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. மீண்டு வந்தவங்கள்ல கொஞ்சம் பேருக்கு இப்படி வர்றதுண்டு."

"புதுசுன்னா..." சாவிக்காரருக்குக் குரல் எங்கிருந்தோ வந்தது. "புதுசுன்னா நல்லதா, கெட்டதா டாக்டர்?"

டாக்டர் அவரை முதல்முறையாகப் பார்த்தார். "கேள்வியே விசித்திரமா இருக்கு இல்ல? இவங்க விஷயத்துல நல்லதுதான். பழசு பரவியிருந்தா கட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான். இது சின்னதா, ஒரே இடத்துல இருக்கு. அறுத்து எடுத்துடலாம். ஏற்கனவே ஒரு சண்டை போட்ட உடம்பு, அதனால முழு உத்தரவாதம் நான் தரமாட்டேன். ஆனா நம்பிக்கையோட இறங்கலாம். அடுத்த வாரமே வச்சுக்கலாம். ஆபரேஷனுக்கு முன்னாடி தயார் பண்ற அறையிலயும் ஒருத்தர் கூட இருக்கலாம். யாருன்னு சொல்லிடுங்க."

வெளியே வந்தார்கள். ஜன்னலோரமாக நின்று அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். புற்றுநோய் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்தவள் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்க்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். இந்த முகத்தை நான்தான் பார்க்கிறேன், நான் மட்டும்தான், என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குள் அவள் செல்போனை எடுத்துவிட்டாள்.

"யாருக்கு?" தெரிந்துகொண்டே கேட்டார்.

"ஏழுக்கு. பாவம், நகத்தைக் கடிச்சுட்டிருப்பான்."

மகளுக்குக்கூட இல்லை. கட்டின புருஷன் பக்கத்தில் மரமாக நிற்கிறான். அவன் தோளில் சாய வேண்டும் என்று தோன்றவில்லை. சாவிக்காரருக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. மூன்றாவது முறை அடிப்பதற்கு முன்பே கட் ஆனது. அவள் முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது.

"இவன் இப்படிப் பண்ண மாட்டானே," என்றாள். "எனக்கு மத்தியானம் டியூட்டி. நீங்க ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வர்றீங்களா? எனக்காக."

எனக்காக என்றாள். போனார்.

பயிற்சிப் பள்ளி என்றால் ஒரு பெரிய மைதானம், வரிசையாக வைத்த கூம்புகள், தலையில் பலகை சுமந்த ஒரு சிறிய கார். அந்தக் காரில் ஏழு, பயிற்சியாளர் உட்காரும் இடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் யாரும் இல்லை. வண்டி நன்றாகத்தான் இருந்தது.

சாவிக்காரர் சுற்றிவந்து ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். உட்கார வேறு இடம் இல்லை.

"ஓட்டத் தெரியுமா சார்?" என்றார் ஏழு, திரும்பாமல்.

"தெரியாது."

"அப்ப சரியான சீட்டுலதான் உக்காந்திருக்கீங்க."

சாவிக்காரருக்கு வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "காலையில நான் சொன்னது பொய். அவ வர வேண்டாம்னு சொல்லல."

"தெரியும் சார். எட்டு அப்படிச் சொல்ல மாட்டா."

"தெரிஞ்சுமா வரல?"

"நீங்க பொய் சொன்னது எனக்கு வசதியாப் போச்சு." அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னாங்க? பழசா, புதுசா?"

"புதுசாம். சின்னதாம். அறுத்து எடுத்துடலாமாம்."

ஏழு கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. நன்றி சொல்கிறார் என்று சாவிக்காரர் நினைத்தார்.

"குடுத்து வச்சவ," என்றார் ஏழு.

அந்த வார்த்தையைச் சொன்ன விதம் சாவிக்காரருக்கு மிகவும் பழக்கமானதாக இருந்தது. இத்தனை வருடமாகத் தன் வாய்க்குள்ளேயே சுற்றிய ருசி அது. வேறொருவர் வாயிலிருந்து கேட்டதில் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"எனக்குப் பழசு சார்," என்றார் ஏழு. "அதேதான். கல்லீரல்ல போய் உக்காந்திருக்கு. அங்கங்க. போன வாரமே தெரியும். மருந்து இருக்குங்கறாங்க. தள்ளிப் போடறதுக்கு. முடிச்சு வைக்கறதுக்கு இல்ல."

மைதானத்தின் மறுகோடியில் ஒரு கூம்பு காற்றில் சாய்ந்து விழுந்தது. யாரும் எடுத்து நிறுத்தவில்லை.

"அவகிட்டச் சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? அவளுக்கே ஊசி போட்டுட்டு முடிவுக்குக் காத்திருக்கா. இன்னொண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க."  "அவளுக்குப் புதுசா இருக்கணும்னுதான் ராத்திரியெல்லாம் நினைச்சேன். ஆனா நடுவுல ஒரு தடவை, ஒரே ஒரு தடவைதான் சார், அவளுக்கும் பழசாவே இருந்தா பக்கத்து நாற்காலிக்கு ஆள் இருக்குமேன்னு தோணிடுச்சு. அப்படி நினைச்சவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ கூட உள்ள போறது? நீங்க வர வேண்டாம்னு சொன்னதும் தப்பிச்சேன்டா சாமின்னு இருந்துச்சு."

 சாவிக்காரருக்கு அந்த ஆளை வெறுக்க இது ஒரு அருமையான சந்தர்ப்பம். முயன்று பார்த்தார். முடியவில்லை. 'உங்களுக்காவது ஒரே தடவை. நான் ஆறு வருஷமா' என்று சொல்ல வாய் எடுத்து, விழுங்கிக்கொண்டார்.

"மருந்து எப்ப ஆரம்பிக்கறாங்க?"

"அடுத்த வாரம்."

"அவளுக்கு ஆபரேஷனும் அடுத்த வாரம்தான்."

"அதான். அது முடியற வரைக்கும் அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா என்ன பண்ணுவான்னு உங்களுக்கே தெரியும். அறுவையத் தள்ளி வச்சுட்டு இங்க வந்து உக்காந்துக்குவா. அவளுக்கு இருக்கற நேரத்தை நான் தின்னக் கூடாது சார். சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் என்று வாயால் சொல்லவில்லை. சாவிக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை எடுத்து ஏழின் கையின் மேல் ஒருமுறை அழுத்தினார். எலும்பு தட்டுப்பட்டது.

சாயங்காலம் ரயில் நிலையத்துக்கு அவளை அழைத்துவரப் போனார். அறிவிப்பு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மைக்கை அணைத்துவிட்டு, தோள்பையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"சந்தோஷப்பட்டார்."

அவள் நின்றுவிட்டாள். "சந்தோஷப்பட்டவன் எனக்கு ஏன் போன் பண்ணல? நான் பண்ணினாலும் கட் பண்றான். உங்ககிட்ட வந்து சந்தோஷப்படறானா? அப்படி என்ன என்னை விட்டுட்டு ரெண்டு பேருக்குள்ள?" அவள் முகத்தில் ஓடியதைச் சாவிக்காரர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். முகம் பார்த்துச் சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்ததுதான். "எதையோ மறைக்கறீங்க. அவனுக்கு உடம்பு ஏதாவது..."

இன்னும் ஒரு கேள்வி கேட்டால் தன் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அவளே சொன்னதுதானே, அந்த முகத்துக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது. அவள் நம்புகிற மாதிரி கையில் அவருக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்து வைத்தார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கோவம். காலையில நீ குளிச்சிட்டிருந்தப்ப போன் வந்துச்சு. நீ வர வேண்டாம்னு சொன்னதா நான்தான் சொன்னேன். வண்டி ரிப்பேர்ங்கறது பொய்."

பயணிகள் இரண்டு பக்கமும் பெட்டி உருட்டிக்கொண்டு போனார்கள். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்?"

"எனக்குப் பிடிக்கல. அவன் உன் கூட உள்ள வர்றது. எப்பவுமே பிடிச்சதில்ல."

"சின்னப் பையனா நீங்க?" அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "உசுரு போகுமா இருக்குமான்னு தெரியாம உக்காந்திருக்கேன். அந்த நேரத்துல உங்களுக்குப் போட்டி கேக்குதா? அவனுக்குன்னு யாரு இருக்கா, என்னை விட்டா? அவன் என்ன நினைச்சிருப்பான்?"

"தப்புதான்."

"தப்புதானா! இப்பவே போன் பண்ணி அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

"இன்னைக்கு வேண்டாம். கோவம் கொஞ்சம் ஆறட்டும்."

"சரி. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க." பையின் வாரை இறுக்கிக்கொண்டாள். "ஆபரேஷன் அன்னைக்கு என் கூட உள்ள வரப்போறது ஏழுதான். நாளைக்கே ஆஸ்பத்திரியில அவன் பேரைக் குடுத்துடப் போறேன். நீங்க வெளிய நில்லுங்க. இல்ல, வீட்லயே இருங்க."

காலையில் இந்த வார்த்தையைக் கேட்டிருந்தால் சாவிக்காரர் சுவரில் முட்டிக்கொண்டிருப்பார்.

"சரிம்மா," என்றார். "அவரே வரட்டும்."

அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதை அவளால் நம்ப முடியவில்லை. ஒரு கணம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு அவரைத் தாண்டி வேகமாக நடந்தாள். அந்த வேகத்தில் இருமல் வந்தது. இருமிக்கொண்டே நடந்தாள், பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டு. அடுத்த வாரம் மருந்து நாற்காலியில் கிடக்கப்போகிற, வர முடியாத ஒருவருக்காக ஒதுக்கிவிட்ட இடத்தை நினைத்துக்கொண்டே, சாவிக்காரர் அவளுக்குப் பின்னால் படியிறங்கினார்.